ஐலன்பேர்க் போதகரின் சாப்பாட்டு ஜெபம்

கிறிஸ்தவத் திருமணங்களிலும் நன்றி ஆராதனைகளிலும் உலகின் பல நாடுகளில் பாடப்படுகின்ற ஒரு பழைய ஜேர்மன் கீதம் இருக்கிறது. கடவுளுக்கு நன்றி கூறும்படி எல்லோரையும் அழைக்கின்ற கீதம் அது. எழுதியவர் மார்ட்டின் ரிங்கார்ட் என்ற லூதரன் போதகர். ஐரோப்பாவின் நடுப்பகுதியைச் சிதைத்த முப்பதாண்டுப் போர் 1648இல் முடிவுக்கு வந்தபோது, சமாதானம் கிடைத்த மகிழ்ச்சியில் அவர் இதை எழுதினார் என்று நெடுங்காலமாக ஒரு கதை சொல்லப்பட்டு வருகிறது. பிரசங்கங்களில் நானும் அதைக் கேட்டிருக்கிறேன்.

கேட்பதற்கு வசதியான கதைதான். முதலில் துன்பம், பிறகு சமாதானம், அதன் பிறகு நன்றி. ஆனால் ஆண்டுக்கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. யொஹான் குரூகர் என்ற இசையமைப்பாளர் 1647இலேயே இந்தப் பாடலை மெட்டுடன் அச்சிட்டுவிட்டார். ரிங்கார்ட் 1636இல் வெளியிட்ட ஒரு சிறு பக்தி நூலில் இது இடம்பெற்றது என்பது ஆய்வாளர்களின் கருத்து. அப்படியானால் அவர் நன்றிப் பாடலை எழுதியபோது போர் முடிந்திருக்கவில்லை. அவர் வாழ்க்கையின் மிகக் கொடிய ஆண்டு அப்போது இன்னும் வந்திருக்கவேயில்லை.

போர் ஓய்ந்த நாளிலிருந்து எங்கள் சனங்களிடம் நன்றி கேட்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. உயிர் தப்பியதற்கு, தறப்பாளுக்கு, கட்டித் தந்த வீட்டுக்கு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் அமர்ந்திருக்கும் தாயிடம்கூட, மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லம்மா என்று ஆறுதல் கூறுவோர் இருக்கிறார்கள். அவர்கள் கெட்ட மனிதர்கள் அல்லர். ஆனாலும் அந்த ஆறுதலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று மறுத்து நிற்கும். நன்றி சொல்வதென்றால் மற்ற எல்லாவற்றையும் பற்றி வாய் திறவாமல் இருப்பதா? ரிங்கார்ட்டின் கதையை நான் இங்கே சொல்லப் புறப்பட்டது இந்தக் கேள்வியோடுதான்.

அவர் 1586ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் திகதி, ஜேர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள ஐலன்பேர்க் என்ற சிறு நகரத்தில் பிறந்தார். தகப்பனார் மரப் பீப்பாய் செய்யும் தொழிலாளி. பையனுக்கு நல்ல குரலும் இசை ஞானமும் இருந்தன. லைப்சிக் நகரின் புனித தோமையார் பாடசாலையில் பாடகர் குழுவில் சேர்ந்து படித்தார். பின்னாளில் இசைமேதை பாக் பணியாற்றிய அதே பாடசாலை அது. பிறகு அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்றார்.

1610இல் சொந்த ஊரிலேயே ஊழியம் செய்ய விண்ணப்பித்தார். நகரசபை அவரை விரும்பியது. அங்கிருந்த தலைமைப் போதகரோ மறுத்துவிட்டார். இவர் இறையியலைவிட இசையில்தான் கெட்டிக்காரர் என்பது சொல்லப்பட்ட காரணம். சுய சிந்தனையுள்ள உள்ளூர்க்காரன் ஒருவன் தனக்குக் கீழே வருவதை அவர் விரும்பவில்லை என்பதே உண்மைக் காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊர்களிலும் இப்படி எத்தனை! ரிங்கார்ட் சண்டைக்கு நிற்கவில்லை. மார்ட்டின் லூதர் பிறந்த ஊரான ஐஸ்லேபனுக்குப் போய் ஆசிரியராகவும் பாடகர் குழுத் தலைவராகவும் வேலை பார்த்தார், திருமணம் செய்தார், பிறகு கிராமப் போதகரானார். 1617இல் ஐலன்பேர்க் நகரசபை அவரை மீண்டும் அழைத்தது. அந்த முறை தடையில்லை. அடுத்த வருடம், 1618இல், போர் தொடங்கியது. எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் அவர் அந்த நகரத்திலேயே கழித்தார். அதில் ஏறத்தாழ முப்பது வருடம் போர்க்காலம்.

கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தினருக்கும் இடையிலான போராகத் தொடங்கி, அரசர்களின் அதிகாரப் போட்டியாக அது மாறிப்போனது. படைகள் கடந்து சென்ற ஊர்களில் கால்நடையும் தானியமும் மிஞ்சவில்லை. ஐலன்பேர்க்கைச் சுற்றி மதில் இருந்தது. மதில் இருந்தால் பாதுகாப்பு என்று நம்பி, சுற்றுக் கிராமங்களிலிருந்து சனம் தஞ்சம் தேடி வந்து குவிந்தது. சிறிய இடத்தில் அளவுக்கு மீறிய மனிதர்கள், போதாத உணவு, கெட்டுப்போன தண்ணீர், அதன் பின்னால் நோய். இந்த வரிசையை எங்கள் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1637இல் கொள்ளைநோய் நகருக்குள் பரவியது. தலைமைப் போதகர் காற்று மாற்றத்துக்கென்று வெளியூர் போனவர், எத்தனை தடவை அழைத்தும் திரும்பி வரவில்லை. மே 8ஆம் திகதி ரிங்கார்ட்டின் மனைவி கிறிஸ்டினா இறந்தார். இருபத்தைந்து வருடம் அவரோடு வாழ்ந்தவர். ஓகஸ்ட் 7ஆம் திகதி அவர் நான்கு போதகர்களை அடக்கம் செய்தார். இருவர் அந்நகரின் சக போதகர்கள். மற்ற இருவர் தங்கள் கிராமங்களை விட்டு இடம்பெயர்ந்து வந்தவர்கள். அதன் பின் சில காலம் நகரம் முழுவதற்கும் அவர் ஒருவரே போதகர்.

நாளொன்றுக்கு 40, 50 பேருக்கு அவர் அடக்க ஆராதனை நடத்திய நாட்கள் இருந்தன. மொத்தமாக ஏறத்தாழ 4,480 பேரின் அடக்கத்தில் அவர் நின்றிருக்கிறார். அந்தக் கொள்ளைநோயில் இறந்தவர்கள் சுமார் 8,000 பேர். கடைசியில் அகதிகளாக வந்தவர்களை நீண்ட குழிகள் வெட்டி, ஜெபம்கூட இல்லாமல் புதைக்க வேண்டிய நிலை வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு ஜெபமாவது சொல்லிவிட வேண்டும் என்று அத்தனை மாதங்கள் முயன்ற மனிதருக்கு அந்தக் குழிகள் எப்படி இருந்திருக்கும்? சேமக்காலையில் இடம் கிடைக்காதவர்களை, பெயர் எழுதாமல் மண்ணுக்குள் விட்டு வந்தவர்களை அறிந்த நாங்கள் இதை ஓரளவு ஊகிக்கலாம்.

அடுத்த வருடம் வேறொரு பெருக்கு. துணையை இழந்தவர்கள் ஒருவரையொருவர் மணம் முடிக்க ஆலயத்துக்கு வந்துகொண்டே இருந்தார்கள். ரிங்கார்ட்டும் 1638 ஜூன் 24இல் மறுமணம் செய்தார். அதை யாரும் குறை சொல்ல நான் இடம் தரமாட்டேன். பிள்ளைகள் இருந்த வீடு அது. பின்னாலேயே பஞ்சம் வந்தது. செத்த பூனைக்கும் காகத்துக்குமாகத் தெருவில் முப்பது நாற்பது பேர் அடிபட்டார்கள் என்று எழுதப்பட்டிருக்கிறது. ரிங்கார்ட் தன்னிடம் இருந்ததைப் பகிர்ந்து கொடுத்தார். கொடுத்துக் கொடுத்துக் கடைசியில், தன் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் வாங்குவதற்காக, இனிமேல் வரவிருந்த சில ஆண்டுச் சம்பளத்தையே அடகு வைத்தார்.

1639இல் சுவீடன் படை நகரத்தின் வாசலில் நின்றது. ரிங்கார்ட்டின் சமயத்தையே சேர்ந்த புரட்டஸ்தாந்தப் படைதான். ஆனாலும் சாக்சனி அப்போது எதிரணியில் இருந்ததால் அது 30,000 தாலர் கப்பம் கேட்டது. நோயும் பஞ்சமும் தின்று முடித்த ஊரில் அவ்வளவு பணம் எங்கே இருந்தது? ரிங்கார்ட் நேரே படைத் தலைவரிடம் போய் மன்றாடினார். மறுக்கப்பட்டது. மனிதரிடம் கதவு அடைபட்டதால் மக்களைச் சேர்த்துக்கொண்டு முழந்தாளிட்டு ஜெபித்தார். படிப்படியாகக் குறைந்து கப்பம் முடிவில் 2,000 புளோரினில் வந்து நின்றது. ஜெபம்தான் தளபதியின் மனத்தை மாற்றியது என்பார்கள் பக்தர்கள். நான் கவனிப்பது வேறொன்றை. நன்றிப் பாடல் எழுதிய அதே மனிதர், அநியாயமான கேள்வியைக் கேட்டவரின் முகத்துக்கு நேரே அது முடியாது என்று சொல்லப் போயிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்பும் ஒருமுறை அவர் இப்படிச் சுவீடன் படையிடமிருந்து ஊரைக் காப்பாற்றியவர். நன்றியுள்ள இருதயம் அவரை ஊமையாக்கவில்லை.

இனி அந்தப் பாடலுக்கு வருகிறேன். வெற்றிவிழாவுக்காகவோ பெரிய ஆலயத்துக்காகவோ அது எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. அவருடைய நூலில் அதற்கிருந்த தலைப்பு சிறு சாப்பாட்டு ஜெபம் என்பதுதான். வீட்டில் பிள்ளைகளோடு உணவுக்கு அமரும்போது சொல்வதற்கானது. அதன் கருத்து சீராக்கின் ஞானம் நூலின் 50ஆம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது. கத்தோலிக்க வாசகர்களுக்கு அது தெரிந்த பகுதி. தாயின் கருவிலிருந்தே எங்களைப் பராமரித்து வந்தவருக்கு நன்றி என்று தொடங்கி, உடனேயே அது கேட்கத் தொடங்கிவிடுகிறது. மகிழ்ச்சியான மனம் வேண்டும், சமாதானம் வேண்டும், எல்லா இக்கட்டிலிருந்தும் விடுதலை வேண்டும் என்று கேட்கிறது.

சமாதானம் வேண்டும் என்று ஒருவர் எப்போது கேட்பார்? அது இல்லாதபோதுதான். பதினெட்டு வருடப் போருக்குள் இருந்துகொண்டு, இல்லாததை இல்லை என்று அறிந்தபடியே, மேசையில் அன்றைக்கு இருந்த அப்பத்துக்கு அவர் நன்றி சொன்னார். போருக்கு நன்றி சொல்லவில்லை. கொள்ளைநோய் வந்த பிறகும் அதற்கு நன்றி சொல்லும்படி அவர் யாருக்கும் போதித்ததாக நான் எங்கும் வாசிக்கவில்லை. பங்கருக்குள் கஞ்சியைப் பங்கிட்டபோது கண்ணை மூடி ஒரு சொல் ஜெபம் செய்த அம்மாமார் எங்களிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வேறுபாடு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் நன்றி சொன்னது கஞ்சிக்கு. ஷெல்லுக்கல்ல.

பின்னாளில் அந்தப் பாடலுக்கு நேர்ந்தது விசித்திரம். 1757 டிசம்பரில் லொய்தன் என்ற இடத்தில் போரில் வென்ற பிரஷ்யப் படையினர் களத்தில் நின்று இதைப் பாடினார்கள் என்பது பிரபலமான சம்பவம். அதிலிருந்து இது வெற்றிப் பாடல் என்றும் பெயர் எடுத்தது. பிள்ளைகளின் சாப்பாட்டு மேசையிலிருந்து பிணங்கள் கிடந்த களத்துக்கு அது போன தூரத்தை நினைத்தால் எனக்குக் கசப்பாகவே இருக்கிறது.

ரிங்கார்ட்டின் கடைசிக் காலம் இனிமையாக இருக்கவில்லை. அவர் எவ்வளவு செய்தாரோ அவ்வளவுக்கு நகரத்தின் அதிகாரிகள் அவரிடம் கடுமையாக நடந்தார்கள். பண விடயங்களிலும் மற்ற விடயங்களிலும் தொல்லை கொடுத்தார்கள். யாருக்காக 30,000 தாலரை 2,000 புளோரினாகக் குறைத்தாரோ அந்த ஊரோடுதான் காசுக்காக இழுபறிப்பட வேண்டியிருந்தது. 1648 ஒக்டோபர் 24இல் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானபோது அவருக்கு 62 வயது. வயதுக்கு மிஞ்சிய முதுமை அவரைப் பிடித்திருந்தது. சமாதானத்தில் அவர் வாழக் கிடைத்தது ஒரு வருடமும் சில வாரங்களும். 1649 டிசம்பர் 8ஆம் திகதி ஐலன்பேர்க்கிலேயே காலமானார்.

அவர் வாழ்ந்த வீட்டில் ஒரு நினைவுப் பலகை பதிக்கப்பட்டது 1886இல், ஈஸ்டருக்கு அடுத்த திங்கட்கிழமை.