அடுப்பு மூட்டுவதற்கு முன்னால்



கேட்டரிங் படிக்கிற எங்களைக் கரண்டி டிபார்ட்மென்ட் என்று மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் கேலி பண்ணுவீங்க. பரவாயில்லை. வருகிற திங்கட்கிழமை சென்னையில் ஒரு ஹோட்டல் சமையலறையில் எனக்கு ஒரு நாள் டிரையல். கை வேலையைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பாங்க. பயத்தில் தூக்கம் வராத ராத்திரிகளில் எனக்குத் துணையாக இருந்தது ஒருவரின் வாழ்க்கை. அவர்தான் ஒகுஸ்ட் எஸ்கோஃபியே.

1846-ல் பிரான்சில் பிறந்தவர். சிற்பியாக ஆசைப்பட்ட பையனை 13 வயதில் நீஸ் நகரில் சித்தப்பாவின் உணவகத்தில் சேர்த்துவிட்டார்கள். உறவு என்று சலுகை எதுவும் இல்லை. ஆளோ குள்ளம். அதற்காக ஒதுங்கிப் போகவில்லை. குதிகால் உயர்ந்த ஷூ போட்டுக்கொண்டு அடுப்பின் முன் நின்றார். 1870 போரில் ராணுவத்துக்குச் சமைத்தார்.

1890-ல் லண்டன் சவாய் ஹோட்டலுக்குப் போனார். அந்தக் காலச் சமையலறை என்றால் கூச்சல், குடி, கெட்ட வார்த்தை. அவர் குடியை நிறுத்தி, தாகத்துக்கு பார்லி பானம் வைத்தார். கெட்ட வார்த்தைக்கும் தடை போட்டார். சாஸுக்கு ஒரு பிரிவு, மீனுக்கு ஒன்று, இனிப்புக்கு ஒன்று என்று வேலையைப் பிரித்தார். பெரிய ஹோட்டல்களில் இன்றைக்கும் அந்த முறைதான்.

அவரிடமும் குறை உண்டு. 1898-ல் கணக்கு விவகாரத்தில் சவாய் அவரை வெளியேற்றியது. ஆனாலும் உழைப்பை விடவில்லை. 1903-ல் சுமார் 5,000 செய்முறைகளோடு புத்தகம் வெளியிட்டார். 1935-ல், 88 வயதில் காலமானார்.

எங்க ஊர் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேருகிற இடம். அப்பா பட்டுத்தறி நெய்கிறவர். பாவு சரியாகப் பிணைக்காமல் தறியில் உட்கார்ந்தால் சேலை வீண் என்பார். சமையலறையிலும் அதே கதைதான். அடுப்பு மூட்டும் முன்பே நறுக்கியது, அளந்தது, துடைத்தது எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கணும்.

அதனால் கத்தியைச் சாணை பிடித்துவிட்டேன். நகம் வெட்டியாச்சு. ஏப்ரன் இரண்டு துவைத்து வைத்திருக்கிறேன். தினமும் இரண்டு கிலோ வெங்காயம் ஒரே அளவில் நறுக்கிப் பழகுகிறேன். வீட்டில் ஒரு வாரமாக வெங்காய சாம்பார்தான், அம்மா முகம் சுளிக்கவில்லை.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது முடிவு தெரிந்திருக்கும். கிடைத்தால் ஸ்வீட். கிடைக்காவிட்டால் மறுபடியும் வெங்காயம்!