காவலூர்க் கண்ணாடி

சவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காட்டினிடையே உள்ள சிற்றூர் காவலூர். மின்விளக்குகளின் ஒளி கலவாத கரிய வானம் அதற்கு வாய்த்திருந்தது. பிறருக்குக் குறையாகத் தோன்றக்கூடிய அவ்விருளைத் தேடி ஒருவர் வந்தார். அவரே வானியலறிஞர் மணலி கல்லாட் வைணு பாப்பு.

1927 ஆகஸ்டு 10ஆம் நாள் அவர் சென்னையில் பிறந்தார். தந்தையார் ஐதராபாத்து நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். ஆதலால், தொலைநோக்கி பாடப்பொருளாகும் முன்பே அவருக்கு வீட்டுப்பொருள் ஆகிவிட்டது. மேற்படிப்பிற்காக ஆர்வர்டு பல்கலைக்கழகம் சென்றவர், 1949இல் ஒளிப்படத் தகடொன்றை ஆராய்ந்தபோது புதிய வால்மீனைக் கண்டார். பாப்பு–பாக்–நியூகிர்க் என்னும் அதன் பெயரில் அவர் பெயரே முதலில் நிற்கிறது. விண்மீன் ஒளியில் கால்சியம் காட்டும் ஒரு கோட்டின் அகலத்தைக் கொண்டு அவ்விண்மீனின் உண்மையான ஒளிர்வை அறியலாம் என்பதை ஆலின் வில்சனுடன் இணைந்து நிறுவினார். 1957இல் வெளியான அம்முடிவு இன்றும் இருவர் பெயராலும் வழங்குகிறது.

தாயகம் திரும்பிய அவர் உத்தரப்பிரதேச அரசின் வானாய்வகத்தை நைனித்தாலில் நிலைபெறச் செய்தார். 1960இல் கோடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். கோடைக்கானல் கதிரவனை ஆராய ஏற்ற இடம். இரவு வானத்தை நோக்கவோ அங்கு மேகம் இடையூறாக இருந்தது. பல இடங்களை ஆராய்ந்து காவலூரைத் தேர்ந்தார். நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் இருப்பதால் தென்வானின் பெரும்பகுதியும் அங்கிருந்து புலப்படும். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி பணியைத் தொடங்கியது. அது கோடைக்கானல் பணிமனையிலேயே உருவானது. 1972இல் ஜெர்மனியிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977இல் யுரேனசின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்வைக் காவலூரும் பதிவு செய்தது.

அடுத்த தொலைநோக்கியையும் விலைகொடுத்து வாங்கியிருக்கலாம், விரைவிலும் முடிந்திருக்கும். 234 செ.மீ. விட்டமுடைய அதனை இந்தியாவிலேயே செய்வது என்று பாப்பு முடிவெடுத்தார். அம்முடிவின் கடுமையை உணர, இத்தாலியின் லியொனார்டோ டா வின்சியை நினைத்துப் பார்க்கலாம். மிலான் நகர அம்புரோசியானா நூலகத்திலுள்ள அவருடைய தாள்களில் குழியாடிகளைத் தேய்க்கும் பொறிகளின் ஓவியங்கள் உள்ளன. நிலவைப் பெரிதாகக் காணக் கண்ணாடி செய்யவேண்டும் என்ற குறிப்பும் உண்டு. 1519இல் அவர் மறைந்து ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்தே தொலைநோக்கி தோன்றியது. கற்பனைக்கு அங்குக் குறைவில்லை; வரைந்ததைப் பொருளாக்கும் பணிமனையும் கைகளும் வாய்க்கவில்லை. அறிவாளர் நிறைந்த நம் நாட்டிலும் அக்குறை இருந்தது. அதைப் போக்குவதே பாப்புவின் நோக்கம்.

ஏறத்தாழ மூன்றரை டன் எடையுள்ள கண்ணாடிப் பாளம் மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதனைக் குழித்துத் தேய்த்து மெருகேற்றும் பணி பெங்களூரில், அவர் தலைமையேற்றிருந்த இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் நடந்தது. ஒளி அலையின் நீளத்தில் ஒரு சிறு பகுதியளவுகூட வடிவம் பிசகக்கூடாது. தேய்ப்பதும் அளப்பதும் மீண்டும் தேய்ப்பதுமாக ஆண்டுகள் கழிந்தன. தாங்கும் இரும்பு அமைப்பு மகாராட்டிரத்தின் வால்சந்த்நகரில் உருவானது.

1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராகப் பாப்பு தேர்ந்தெடுக்கப்பட்டார். 1981இல் பத்மபூசண் விருது பெற்றார். 1982 ஆகஸ்டு 19ஆம் நாள், இதய அறுவை மருத்துவத்திற்குப் பின் மியூனிக் நகரில் காலமானார். அப்போது அவருக்கு அகவை 55. தொலைநோக்கி முற்றுப்பெற்றிருக்கவில்லை.

அவரிடம் பயின்றவர்களும் பணிமனையாளர்களும் வேலையைத் தொடர்ந்தனர். 1986 சனவரி 6ஆம் நாள் பிரதமர் இராசீவ் காந்தி அத்தொலைநோக்கியை நாட்டிற்கு அர்ப்பணித்தார். கருவிக்கும் வானாய்வகத்திற்கும் வைணு பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது. முப்பது ஆண்டுகள் இந்தியாவின் மிகப்பெரிய ஒளியியல் தொலைநோக்கியாக அது விளங்கியது. அதனினும் பெரியது 2016இல்தான் நைனித்தாலை அடுத்த தேவஸ்தலில் அமைந்தது. அதனை நடத்தும் நிறுவனம், பாப்பு இளமையில் பொறுப்பேற்றிருந்த அதே வானாய்வகத்தின் வழிவந்தது.