கடலைத் தாங்கிய கடிகாரம்

தாஹான் மலை ஏறவோ கினபாலு உச்சிக்குப் போகவோ திட்டமிடும் மாணவர்கள் புதிய கைக்கடிகாரம் வாங்கப் போனால் கடையில் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். தண்ணீர் புகுமா? பாறையில் இடித்தால் தாங்குமா? அடிவாரத்து வெயிலிலும் உச்சியின் குளிரிலும் ஒரே மாதிரி ஓடுமா? இவை புதிய கேள்விகள் அல்ல. ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மூன்றுக்கும் விடை தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஜான் ஹாரிசன். எந்தக் கடிகாரப் பட்டறையிலும் தொழில் பழகியவர் அல்லர். தச்சர்.

அந்தக் காலக் கப்பலுக்குக் கடிகாரம் எதற்கு? நேரம் பார்க்க அல்ல, இடம் பார்க்க. நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே இருக்கிறோம் என்பதைச் சூரியனின் உயரத்தை அளந்தே மாலுமிகள் கண்டுபிடித்துவிடுவார்கள். கிழக்கு மேற்குக் கணக்குதான் சிக்கல். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. ஆகவே நாம் நிற்கும் இடத்தின் நேரமும் புறப்பட்ட துறைமுகத்தின் நேரமும் ஒரே நொடியில் தெரிந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நம் தீர்க்கரேகை. கோலாலம்பூரை எடுத்துக்கொள்வோம். அது கிரீனிச்சுக்கு ஏறத்தாழ 101.7 பாகை கிழக்கே உள்ளது. இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது அங்கே சூரியக் கணக்குப்படி விடியற்காலை 5 மணி 13 நிமிடம். அந்த 6 மணி 47 நிமிட வித்தியாசத்தை 15-ஆல் பெருக்கினால் நம் இடம் கிடைத்துவிடும். (நம் நாட்டு நேரம் கிரீனிச்சைவிட 8 மணி முன்னதாக வைக்கப்பட்டுள்ளது. அதனால்தான் கோலாலம்பூரில் சூரியன் உண்மையில் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 1.15 வாக்கில். பகல் 1 மணிக்குப் பள்ளி விட்டு வெளியே வந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.)

கணக்கு எளிது. ஆனால் புறப்பட்ட ஊரின் நேரத்தை வாரக்கணக்கில் தவறாமல் காட்டிக்கொண்டே இருக்கும் கடிகாரம் எங்கே? அன்றைய துல்லியமான கடிகாரங்கள் ஊசல் கடிகாரங்கள். ஆடும் கப்பலில் ஊசல் எப்படி ஒழுங்காக ஆடும்? 1707 அக்டோபரில் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்த ஒரு பிரிட்டிஷ் கடற்படை, சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதியது. 4 கப்பல்கள் மூழ்கின. இறந்தவர்கள் 1,400-க்கும் மேல் என்கிறார்கள். 2,000 வரை சொல்பவர்களும் உண்டு. 1714-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அரைப் பாகைக்குள் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்கும் வழியைத் தருபவருக்கு 20,000 பவுண்டு பரிசு. அரைப் பாகை என்றால் நிலநடுக்கோட்டில் சுமார் 55 கிலோமீட்டர். கடிகாரக் கணக்கில் அது 2 நிமிடம். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்ச் சேர ஆகும் ஆறு வாரத்தில் மொத்தப் பிழை 2 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 3 நொடி.

அப்படி ஒரு கடிகாரம் செய்வது மிகக் கடினம் என்று நாடாளுமன்றக் குழுவிடம் ஐசக் நியூட்டனே சொல்லியிருந்தார். கப்பலின் ஆட்டம், வெப்பமும் குளிரும், ஈரமும் வறட்சியும், இடத்துக்கு இடம் மாறும் ஈர்ப்பு என்று அவர் அடுக்கிய காரணங்களைப் படிக்கும்போது இன்றைய கைக்கடிகார விளம்பரத்தைத் திருப்பிப் படிப்பதுபோல் இருக்கிறது.

அப்போது ஹாரிசனுக்கு வயது 21. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஃபவுல்பி என்ற சிற்றூரில் 1693-இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே குடும்பம் லிங்கன்ஷயரில் உள்ள பாரோ என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அப்பாவிடம் தச்சு வேலை கற்றார். 1713-இல் அவர் செய்த முதல் கடிகாரத்தின் பற்சக்கரங்கள்கூட மரம்தான். தெரிந்த பொருளில்தானே கைவேலை தொடங்கும்!

1720-களின் தொடக்கத்தில் பிராக்லஸ்பி பார்க் என்ற மாளிகைக்கு ஒரு கோபுரக் கடிகாரம் செய்தார். ஹாரிசனைப் புரிந்துகொள்ள இந்தக் கடிகாரம் போதும். அக்காலக் கடிகாரங்களுக்கு எண்ணெய்தான் எதிரி. குளிரில் அது கெட்டிப்படும், நாளானால் பிசினாகும், கடிகாரம் தடுமாறும். எல்லாரும் நல்ல எண்ணெய் தேடியபோது ஹாரிசன் எண்ணெயே வேண்டாத கடிகாரம் செய்தார். லிக்னம் வைட்டே என்னும் கடின மரம் தன்னுள்ளே பசையைக் கொண்டது. உராயும் இடங்களில் அந்த மரத்தையே பொருத்திவிட்டார். அந்தக் கடிகாரம் இன்றும் ஓடுகிறது. பிறகு தம்பி ஜேம்ஸுடன் சேர்ந்து செய்த ஊசல் கடிகாரங்களில் வெப்பத்தின் தொல்லையைத் தீர்த்தார். பித்தளையும் எஃகும் வெப்பத்தில் வெவ்வேறு அளவு நீளும். இரண்டின் கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கினால் ஒன்றின் நீட்சியை மற்றது சரிக்கட்டும். அக்கடிகாரங்களின் பிழை மாதத்துக்கு ஒரு நொடி. லண்டனின் பெரிய பட்டறைகளே எட்டாத துல்லியம் அது.

1730-இல் தம் கடல் கடிகாரத் திட்டத்துடன் லண்டன் போனார். வானியலாளர் எட்மண்ட் ஹாலி அவரைப் புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் கிரஹாமிடம் அனுப்பினார். ஒரு நாள் முழுக்கப் பேசியபின் கிரஹாம் வட்டியில்லாமல் கடன் கொடுத்தார். அந்தப் பணத்தில் தொடங்கிய முதல் கடல் கடிகாரம் 1735-இல் முடிந்தது. இன்று அதை எச்-1 என்கிறோம். எடை 34 கிலோ. ஊசலுக்குப் பதில் சுருள்வில்லால் இணைந்த இரண்டு பெரிய தண்டுகள் எதிரெதிராக ஆடும். கப்பல் ஒன்றைத் தள்ளினால் மற்றது அதை ஈடுகட்டும். 1736-இல் லிஸ்பனுக்குப் போய்த் திரும்பும் வழியில், கண்ணில் பட்ட கரை மாலுமிகள் நினைத்த இடம் அல்ல, லிசார்ட் முனை என்று ஹாரிசன் சொன்னார். அவர் சொன்னதே சரியாக இருந்தது. கப்பலின் கணக்கு ஏறத்தாழ 60 மைல் தவறியிருந்தது.

அப்போதே பெரிய சோதனைப் பயணம் கேட்டிருக்கலாம். ஆனால் கிடைத்த 500 பவுண்டு உதவித்தொகையை வைத்துக்கொண்டு இன்னும் நல்லதாகச் செய்கிறேன் என்று ஊர் திரும்பினார். 1739-இல் முடிந்த எச்-2-இல் அவரே ஒரு குறையைக் கண்டு ஒதுக்கிவிட்டார். அடுத்தது எச்-3. அதற்கு 19 ஆண்டுகள்! இந்த உழைப்பில் பிறந்த இரண்டு பொருள்களை நாம் இன்றும் பயன்படுத்துகிறோம். வெப்பத்துக்கு வளையும் ஈருலோகத் தகடும், கூண்டுக்குள் உருளைகள் சுழலும் தாங்கியும் அவை. ஆனால் எச்-3 தேவையான துல்லியத்தை எட்டவே இல்லை.

திருப்பம் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. 1753 வாக்கில், ஹாரிசன் சொன்ன வடிவமைப்பில் ஜான் ஜெஃப்ரிஸ் என்ற கலைஞர் அவருக்கு ஒரு சட்டைப்பைக் கடிகாரம் செய்து கொடுத்தார். சொந்த உபயோகத்துக்குத்தான். அது வியக்கும்படி நன்றாக ஓடியது. பெரிய இயந்திரங்களின் தண்டுகள் கனமாக, மெதுவாக ஆடுபவை. கப்பலின் ஆட்டமும் மெதுவானது. அதனால் ஒன்று மற்றதை எளிதில் குழப்பிவிடும். சிறிய சக்கரம் வேகமாக, பெரிய வீச்சில் ஆடினால் வெளி அசைவு அதை அவ்வளவாகத் தொடாது. ஏறத்தாழ 60 வயதில், 20 ஆண்டுகள் நம்பிய வழியை விட்டு ஹாரிசன் வேறு வழியில் போனார். அவர் கதையில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த இடம் இதுதான்.

1759-இல் முடிந்த எச்-4-இன் விட்டம் 13 சென்டிமீட்டர், எடை 1.45 கிலோ. பார்வைக்குப் பெரிய சட்டைப்பைக் கடிகாரம். நொடிக்கு 5 முறை துடித்தது. சாவி கொடுக்கும்போதுகூட நிற்காது. உராயும் இடங்களில் மாணிக்கக் கற்களும் வைரமும். இன்றைய இயந்திரக் கைக்கடிகாரங்கள் பல நொடிக்கு 8 முறை துடிக்கின்றன. மலையேறுபவர்கள் அணியும் குவார்ட்ஸ் கடிகாரத்தின் படிகம் 32,768 முறை அதிர்கிறது. மூன்றும் ஒரே வழிதான்.

1761 நவம்பரில் ஹாரிசனின் மகன் வில்லியம் அதைக் கப்பலில் ஜமைக்காவுக்குக் கொண்டு போனார். அப்பாவுக்கு அப்போது 68 வயது. 81 நாளில் பிழை 5 நொடியே. திரும்பும் வழியில் புயல். கப்பலுக்குள் நீர் புகுந்தபோது வில்லியம் கடிகாரத்தைப் போர்வையில் சுற்றிக் காப்பாற்றினார். நீர்புகா உறை என்று அன்று இருந்தது அவ்வளவுதான். 1764-இல் பார்படோஸுக்கு இரண்டாவது சோதனை. 47 நாளில் பிழை 39 நொடி. சட்டம் கேட்டதைவிட மூன்று மடங்கு நல்ல விடை அது.

பரிசு கிடைக்கவில்லை. தீர்க்கரேகை வாரியம் புதிய நிபந்தனைகள் போட்டது. கடிகாரத்தைக் கழற்றி உள்ளிருப்பதை விளக்க வேண்டும், இருக்கும் நான்கையும் ஒப்படைக்க வேண்டும், மற்றவர்களும் அதுபோல் செய்ய முடியும் என்று காட்ட வேண்டும். 1765-இல் ஹாரிசன் தம் வீட்டில் ஒரு குழுவின் முன் எச்-4-ஐப் பிரித்துக் காட்டினார். அதற்குப் பாதிப் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டு அரசவை வானியலாளர் நெவில் மாஸ்கலின் வந்து பெரிய இயந்திரங்களை எடுத்துப் போனார். தூக்கும்போது எச்-1 கீழே விழுந்து சேதமடைந்தது. இந்த மாஸ்கலின், நிலவின் நிலையைக் கொண்டு தீர்க்கரேகை காணும் போட்டி முறைக்கு உழைத்தவர். ஆகவே ஹாரிசன் கொதித்ததில் வியப்பில்லை.

ஆனாலும் வாரியத்தின் ஒரு கேள்வி நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. ஒரு மேதை ஆறு ஆண்டுகளில் செய்த ஒரே ஒரு கடிகாரம், கடலில் இருக்கும் நூற்றுக்கணக்கான கப்பல்களைக் காப்பாற்றாது. நாமும் கடையில் ஒரு மாதிரியை நம்புவது, அதே வகை ஆயிரக்கணக்கில் ஒரே தரத்தில் வரும் என்பதால்தான். இன்று அதற்குத் தர நிர்ணயமே இருக்கிறது. அதிர்ச்சி தாங்கும் கடிகாரம் என்று போட வேண்டுமானால், ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கட்டைத் தரையில் விழுவதற்குச் சமமான அடியைத் தாங்கவேண்டும் என்கிறது ஐ.எஸ்.ஓ. 1413. கேள்வி சரி. அதை 70 வயதைத் தாண்டியவரிடம் அவர்கள் கேட்ட விதம்தான் கசக்கிறது.

அந்தக் கேள்விக்கு விடை தந்தவர் லார்கம் கெண்டல். எச்-4-ஐப் பார்த்து அவர் செய்த நகல், கே-1, 1769-இல் முடிந்தது. 1772-இல் ஜேம்ஸ் குக் தம் இரண்டாவது பெரும்பயணத்துக்குப் புறப்பட்டபோது, பயணத்தின் இரு கப்பல்களிலும் சேர்த்து கே-1 உடன் ஜான் ஆர்னால்டு செய்த மூன்று கடிகாரங்களும் போயின. ஆர்னால்டின் கடிகாரங்கள் சரிவர ஓடவில்லை. கே-1 ஓடியது. 1773 ஜனவரியில் குக் அண்டார்ட்டிக் வட்டத்தைக் கடந்தார். பனிக்கட்டிகளுக்கு நடுவிலும், பிறகு வெப்பமண்டலத் தீவுகளிலும், மூன்று ஆண்டுகள் அது நம்பகமாக நின்றது. முதலில் நிலவு முறையையே நம்பிய குக், கடைசியில் கே-1-ஐத் தம் நம்பிக்கைக்குரிய வழிகாட்டியாக எழுதிவைத்தார். கெண்டல் அடுத்துச் செய்த கே-2-இன் விலை பாதிக்கும் குறைவு. சில பாகங்களை விட்டுவிட்டதால் துல்லியமும் குறைந்தது. கடையில் இதே பேரத்தை இன்றும் நாம் செய்கிறோம்.

குக் கடலில் இருந்தபோது ஹாரிசன் லண்டனில் கடைசிப் போராட்டத்தில் இருந்தார். தாம் செய்த ஐந்தாவது கடிகாரத்தை மன்னர் மூன்றாம் ஜார்ஜ் 1772-இல் தம் சொந்த ஆய்வகத்தில் பத்து வாரம் சோதித்தார். ஒரு நாள் பிழை ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. மன்னர் பக்கம் நின்றதால் 1773-இல் நாடாளுமன்றம் 8,750 பவுண்டு கொடுத்தது. அது பரிசு என்ற பெயரில் வரவில்லை. அந்தப் பரிசை வாரியம் கடைசிவரை யாருக்குமே வழங்கவில்லை. 1775-இல் குக் ஊர் திரும்பினார். 1776 மார்ச் 24, தம் 83-ஆம் பிறந்தநாளன்று ஹாரிசன் காலமானார்.

நூறு நாளில் ஒரு நொடிக்குள் நிற்கும் ஊசல் கடிகாரம் செய்ய முடியும் என்று அவர் முதுமையில் எழுதியதை அன்று கேலி செய்தார்கள். அவர் கோட்பாட்டின்படி மார்ட்டின் பர்ஜெஸ் செய்த கடிகாரத்தை 2015-இல் கிரீனிச்சில் மூடி முத்திரையிட்டுச் சோதித்தார்கள். நூறு நாளில் பிழை ஒரு நொடியின் எட்டில் ஐந்து பங்கு.

எச்-1, எச்-2, எச்-3 மூன்றும் இன்று கிரீனிச் ஆய்வகத்தில் பார்வையாளர்கள் முன் ஓடிக்கொண்டிருக்கின்றன. கடலை வென்ற எச்-4 மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. அது கெட்டுப்போகவில்லை. ஹாரிசனின் பெரிய இயந்திரங்களுக்கு எண்ணெய் தேவையில்லை; சிறியதாகச் செய்தபோது எண்ணெயைத் தவிர்க்க அவராலும் முடியவில்லை. ஓடவிட்டால் தேயும் என்று அதை அப்படியே பாதுகாக்கிறார்கள்.