வட்டத்தொட்டி கண்ட இரசிகமணி

பொருநைக் கரையில் நெல்லையின் பெயரைச் சொல்லி நிற்கும் கட்டடங்கள் பல. நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களும் 1843-இல் திறக்கப்பெற்ற சுலோசன முதலியார் பாலமும் காண்போரை இன்றும் வியக்கவைப்பன. அப்பாலத்தைக் கடந்தால் வரும் வண்ணார்பேட்டையில் இருந்த ஒரு வீட்டின் நடுமுற்றமும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே. வட்டத்தொட்டி என்று தமிழுலகம் அறிந்தது அம்முற்றத்தைத்தான். அவ்வீட்டிற்குரியவர் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார்.

தீத்தாரப்ப முதலியாருக்கும் மீனாட்சியம்மாளுக்கும் மகனாக 1882-இல் திருவில்லிபுத்தூரில் பிறந்த டி. கே. சி., திருச்சியிலும் சென்னையிலும் பயின்றார். சட்டக்கல்வி முடித்து நெல்லையில் வழக்கறிஞரானார். ஆயினும் கட்சிக்காரரின் பத்திரங்களைவிடக் கம்பன் கவிகளே அவர் உள்ளத்தை ஆட்கொண்டன. வழக்குமன்றத்தில் அவர் ஈட்டியது சிறிது. வீட்டு முற்றத்தில் பிறருக்கு வழங்கியதோ பெரிது.

தென்பாண்டி வீடுகளில் தொட்டிக்கட்டு என்பது பழைய அமைப்பு. நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், கூரைகள் உள்நோக்கிச் சரிய, மழைநீர் முற்றத்தில் வந்து விழும். இம்முற்றம் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ அமைவதே பெருவழக்கு. டி. கே. சி.யின் இல்லத்தில் அது வட்டமாக அமைந்தது. சதுரமான இடத்திற்குத் தலைமாடும் கடைக்கோடியும் உண்டு. வட்டத்திற்கு இவ்விரண்டும் இல்லை. 1924 முதல் ஞாயிறு மாலைகளில் அங்குக் கூடிய அன்பர் குழுவிற்கும் தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, சந்தா இல்லை, சட்டதிட்டங்களும் இல்லை. இடத்தின் இயல்பே அவையின் இயல்பாயிற்று என்க.

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட அக்காலம், இந்தியாவில் பெருங்கட்டடங்கள் எழுந்த காலம். 1927-இல் தில்லியில் வட்ட வடிவான சட்டசபை மாளிகை திறக்கப்பட்டது. 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 1931-இல் புதுதில்லி தலைநகராகத் தொடங்கிவைக்கப்பட்டது. அதிகாரத்தின் வட்டம் கல்லாலும் தூணாலும் எழுந்த அதே ஆண்டுகளில், பொருநைக் கரையின் சிறிய வட்டம் தமிழ்க் கவிதையைச் செவியால் அளந்துகொண்டிருந்தது. அதிகார அவைகளும் டி. கே. சி.க்குப் புதியன அல்ல. 1927-இல் அவர் சென்னைச் சட்டசபை உறுப்பினரானார். 1930 முதல் 1935 வரை இந்து அறநிலைய வாரிய ஆணையராகப் பணியாற்றினார். எனினும் அப்பதவிகளால் அவரை நினைவு கூர்வார் இன்று அரியர்.

வட்டத்தொட்டியில் நிகழ்ந்தது யாது? ஒரு பாடலை எடுத்து, பொருளும் தாளமும் புலப்படுமாறு சீர்களைப் பிரித்து, மெல்ல, மீண்டும் மீண்டும் சொல்லுவார் டி. கே. சி. உரையும் இலக்கணமும் பின்னரே வரும். கவியின் உணர்ச்சி கேட்போர் நெஞ்சில் முதலில் இறங்கிவிடும். இராஜாஜியும் கல்கியும் அவருடைய இரசனையில் திளைத்தவர்கள். நீதிபதி எஸ். மகராஜன், மீ. ப. சோமு, பாஸ்கரத் தொண்டைமான் முதலியோர் அவ்வழியில் வளர்ந்தவர்கள். அவருள் தொண்டைமான் பிற்காலத்தில் கோயில் கலையை மக்களுக்கு எடுத்துரைத்ததும், 1951-இல் தஞ்சைக் கலைக்கூடம் உருவாக முன்னின்றதும் நினைக்கத்தக்கவை. செவியிற் பழகிய சுவை கண்ணுக்கும் வழிகாட்டியது எனலாம்.

இச்செவியே டி. கே. சி.யை ஒரு பெரும் பூசலிலும் நிறுத்தியது. பதினாயிரத்துக்கும் மேற்பட்ட கம்பராமாயணப் பாடல்களுள் பல இடைச்செருகல் என அவர் துணிந்தார்; செவிக்கு ஒவ்வாதவற்றை ஒதுக்கினார்; சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் துணியும் அறிஞர்கள் இதனை ஏற்கவில்லை. அவர்கள் மறுப்பு நேரியதே. ஒருவரின் இரசனை எத்துணை நுண்ணியதாயினும் சுவடிச் சான்றின் இடத்தைப் பெற இயலாது. வட்டத்தில் அமர்ந்து நுகர்வதற்கு உதவிய அளவுகோல் பதிப்புப்பணிக்குப் போதாமற் போயிற்று. ஆனால் புலவர் கூடங்களில் அடங்கிக் கிடந்த கம்பனைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தோருள் அவர் முதல்வரிசையினர் என்பதை மறுப்பார் இலர். 1939-இல் காரைக்குடியில் நடந்த முதற் கம்பன் விழா அவர் தலைமையிலேயே நிகழ்ந்தது. கவிமணியின் எளிய பாடல்களின் உயர்வை உணர்ந்து ஊரறியச் செய்ததும், தமிழிசை இயக்கத்தில் முன்னின்றதும் அதே செவியின் பயன்களாம்.

பின்னாளில் டி. கே. சி. குற்றாலத்தைத் தம் உறைவிடமாக்கிக் கொண்டார். அருமை மகன் தீத்தாரப்பன் இளமையில் மறைந்த துயரையும் தாங்கினார். அங்கும் அன்பர்கள் வந்தவண்ணம் இருந்தனர். வர இயலாதோரைத் தேடி அவர் கடிதங்கள் சென்றன. வண்ணார்பேட்டை முற்றம் உடன் வரவில்லை. அதன் பெயர் வந்தது. அவர் அமர்ந்த இடமெல்லாம் வட்டத்தொட்டி ஆயிற்று. 1954 பிப்ரவரி 16-ஆம் நாள் அவர் குற்றாலத்தில் மறைந்தார்.

வீட்டின் ஒரு பகுதியைக் குறித்த சொல் இன்று ஓர் இலக்கிய அவையின் பெயராகத் தமிழில் நிலைத்துவிட்டது. நிகழ்ச்சிக் குறிப்பேடு எதுவும் வைத்துக்கொள்ளாத அவ்வவைக்கு, கேட்டவர்களின் நினைவும் எழுத்துமே ஏடுகளாயின. கவிதையை ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, நால்வர் சமமாக அமர்ந்து கேட்கும் இடம் எதுவாயினும் அதற்கு அப்பெயர் பொருந்தும்.