அரேபியா லாரன்ஸும் அவருடைய ஏழு பைக்குகளும்



ஒரு பழைய யெஸ்டியோ, அறுபதுகளில் வந்த புல்லட்டோ பார்க்கிங்கில் நின்றால், போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறோம். பக்கத்திலேயே விலை உயர்ந்த கார் நின்றாலும் அதற்கு அந்த மரியாதை இல்லை. அப்படி ஒரு வண்டி நல்ல நிலையில் விற்பனைக்கு வந்தால், புது வண்டியின் விலைக்கு மேல் கொடுத்து வாங்கவும் ஆள் தயாராக இருக்கிறார்கள். வங்கியில் தேய்மானம் கணக்குப் போட்டே பழகிய எனக்கு இது ஆச்சரியம்தான். வருடம் ஆக ஆக மதிப்பு குறையாமல் ஏறிக்கொண்டே போகும் ஒரு இரும்புச் சாமான்! அந்த மாதிரி வண்டிகளில் தலையாய ஒன்றையும், அதை உயிராய் நேசித்த ஒரு மனிதரையும் பற்றி இந்த இதழில் சொல்கிறேன்.

‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்ற ஆங்கிலப் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1962-ல் வந்தது. ஒட்டகமும் பாலைவனமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் படம் தொடங்குவது ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில். அது கற்பனை அல்ல, நடந்ததுதான்.

தாமஸ் எட்வர்ட் லாரன்ஸ் 1888 ஆகஸ்ட் 16-ஆம் தேதி வேல்ஸ் நாட்டில் ட்ரெமடாக் என்ற ஊரில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் வரலாறு படித்தார். பிறகு யூப்ரடீஸ் நதிக்கரையில் அகழ்வாராய்ச்சிப் பணிக்குப் போய், அங்கே அரபு மொழியையும் மக்களையும் நன்றாகத் தெரிந்துகொண்டார். முதல் உலகப் போரில் அதுவே அவருக்குக் கைகொடுத்தது. துருக்கியர் ஆட்சியை எதிர்த்து அரபுகள் கிளர்ந்தபோது, அவர்களோடு சேர்ந்து ரயில் பாதைகளைத் தகர்த்தார். 1917-ல் அகாபா துறைமுகத்தைப் பாலைவனப் பக்கமாக வந்து பிடித்த படையில் இருந்தார். முப்பது வயதுக்குள் கர்னல், உலகப் புகழ்.

ஆனால் போர் முடிந்ததும், அரபுகளுக்குச் சொன்ன வாக்கு காப்பாற்றப்படவில்லை. பிரிட்டனும் பிரான்சும் அந்த நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. மனம் கசந்த லாரன்ஸ், மன்னர் கொடுக்க வந்த கௌரவத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1922-ல் பெயரை மாற்றிக்கொண்டு விமானப் படையில் கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்தார். பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்துவிட, அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. உடனே ஷா என்ற பெயரில் டாங்கிப் படையில் சேர்ந்தார். 1925-ல் மீண்டும் விமானப் படைக்கே திரும்பினார். ஜெனரல் மேனேஜர் பதவியை விட்டுவிட்டு, பெயரை மாற்றி, அதே வங்கியில் பியூனாகச் சேர்ந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பண விஷயத்திலும் மனிதர் இப்படித்தான். போர் அனுபவத்தை அவர் எழுதிய பெரிய புத்தகம் 1926-ல் சுமார் 200 பிரதிகள் மட்டும், முன்பணம் கட்டியவர்களுக்காக அச்சிடப்பட்டது. வந்த பணத்தைவிட அச்சுச் செலவு அதிகம். அந்தக் கடனை அடைக்க ஒரு சுருக்கப் பதிப்பை வெளியிட்டார். அது நன்றாக விற்றது. கடன் போக மிஞ்சியதைத் தான் எடுத்துக்கொள்ளாமல் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்.

இப்படி எல்லாவற்றையும் உதறிய மனிதர் விடாமல் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்று: பிரஃப் சுப்பீரியர் மோட்டார் சைக்கிள்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் ஜார்ஜ் பிரஃப் என்பவர் தயாரித்த வண்டி அது. 1919-லிருந்து 1940 வரை மொத்தமே சுமார் 3,000 வண்டிகள்தான். என்ஜின் ஓரிடத்தில், கியர்பாக்ஸ் ஓரிடத்தில் என்று சிறந்ததாகப் பார்த்து வாங்கி, வாங்குபவரின் உயரத்துக்கும் கைநீளத்துக்கும் பொருத்தமாகச் சேர்த்துத் தருவார். எஸ்.எஸ்.100 என்ற மாடல் மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் வேகம் போகும் என்று உத்தரவாதம் தந்து விற்றார். நூறு ஆண்டுக்கு முன்பு இது! மோட்டார் சைக்கிள்களின் ரோல்ஸ் ராய்ஸ் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

லாரன்ஸ் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பிரஃப் வண்டிகள் வைத்திருந்தார். எட்டாவதற்கும் சொல்லி வைத்திருந்தார். பைபிளில் இரண்டு சீடர்களுக்கு இயேசு இட்ட, இடிமுழக்க மக்கள் என்று பொருள்படும் போவனெர்கேஸ் என்ற பெயரைத் தன் வண்டிக்கு வைத்தார். லிங்கன் பக்கத்துச் சாலையில் மேலே பறந்த விமானத்தோடு போட்டி போட்டு ஓட்டியதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இடையில் 1927-லிருந்து 1929 தொடக்கம் வரை அவர் அன்றைய இந்தியாவில் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. கராச்சியிலும், ஆப்கன் எல்லையை ஒட்டிய மீரான்ஷாவிலும் வேலை. அங்கே ஒற்றராக இருக்கிறார் என்று வதந்தி கிளம்பியதால் திருப்பி அனுப்பப்பட்டார். ஊர் திரும்பியவர், கடலில் விழும் விமானிகளை மீட்கும் வேகப் படகுகளை உருவாக்கும் வேலையில் கடைசி ஆண்டுகளைச் செலவிட்டார். 1935 பிப்ரவரியில் பணி முடிந்தது. டார்செட் மாவட்டத்தில் கிளவுட்ஸ் ஹில் என்ற சின்ன வீட்டுக்கு ஓய்வுக்கு வந்தார். நம்மைப் போல ரிட்டயர்மென்ட். வயது 46.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1935 மே 13, காலை. ஒரு தந்தி கொடுக்க, பக்கத்தில் உள்ள போவிங்டன் தபால் நிலையத்துக்கு வண்டியில் போனார். வீட்டிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர். தந்தி கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, மேடும் பள்ளமுமான சாலையில் சைக்கிளில் போன இரண்டு சிறுவர்கள் கடைசி நிமிடத்தில்தான் கண்ணில் பட்டார்கள். அவர்களைத் தவிர்க்க வண்டியைத் திருப்பினார். தூக்கி எறியப்பட்டார். தலையில் பலத்த அடி. விபத்துக்குப் பின் பார்த்தபோது வண்டி இரண்டாவது கியரில் இருந்தது. 160 கிலோமீட்டர் வேகத்துக்குப் பழகியவர் அன்று பறந்து போகவில்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமல் கிடந்து மே 19-ல் இறந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை. அந்தக் காலத்தில் சாலையில் அதை யாரும் போடுவதில்லை.

அவரைப் பார்க்க வந்த டாக்டர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ், மூளை அறுவை நிபுணர். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். இந்த மரணம் அவர் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டவர்களைப் பற்றி ஆராய்ந்து, 1941-ல் மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அங்கே சட்டம் வந்தது 1973-ல்தான். கெய்ர்ன்ஸ் 1952-லேயே காலமாகிவிட்டார். அதைப் பார்க்க அவர் இல்லை.

பிரஃப் வண்டிகளின் கதையையும் முடித்துவிடுகிறேன். இங்கிலாந்தில் ஒரு கொட்டகையில் பல பத்தாண்டுகள் துருப்பிடித்துக் கிடந்த எட்டு பிரஃப் வண்டிகள் 2016-ல் ஏலத்துக்கு வந்தன. ஓடக்கூடிய நிலையில் இல்லாத அவற்றில் ஒன்று மட்டும் 3 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. நம் பணத்தில் அன்றைக்கே சுமார் 3 கோடி ரூபாய். வண்டி துருப்பிடித்தால் தேய்த்து, பெயின்ட் அடித்து, பார்ட்ஸ் தேடிப் போட்டு மறுபடி ஓட்டலாம். ஓட்டியவரின் தலைக்கு அந்த வசதி கிடையாது.

நம் கேட் அருகே காலையில் நின்று பார்த்தால் தெரியும். ஆபீஸ் போகிறவர்கள் பெரும்பாலும் ஹெல்மெட்டோடுதான் போகிறார்கள். பால் வாங்க, பையனை டியூஷனில் விட, ஏ.டி.எம். போக என்று கிளம்புகிறவர்கள்தான் வெறும் தலையோடு போகிறார்கள். கேட்டால், இதோ பக்கத்தில்தானே சார் என்கிறார்கள். லாரன்ஸ் போனதும் பக்கத்தில்தான்.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் ஒன்றை வண்டிச் சாவி மாட்டும் இடத்திலேயே வையுங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஒன்று வேண்டும். போட்டால் மட்டும் போதாது, தாடைப் பட்டையையும் மாட்டுங்கள். பழைய பைக் வைத்திருக்கும் நம் வளாகத்து இளைஞர்களே, உங்கள் வண்டியை நாங்கள் எல்லோரும் ஆசையாகத்தான் பார்க்கிறோம். நீங்களும் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும்.