ஆற்றின் நடுவே பள்ளி கண்டவர்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், கடல் கடந்த நாட்டில் வாழ்ந்து மறைந்த ஒரு பெருந்தகையின் வரலாற்றையும் அவர்தம் இல்லாளின் வரலாற்றையும் சங்கத்து இளைஞர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் பெயர் ஜான் பெரி மீச்சம். அமெரிக்க நாட்டில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள செயிண்ட் லூயிஸ் நகரில் பாப்டிஸ்ட் சபை ஒன்றை நிறுவி நடத்தியவர், தச்சர், பீப்பாய்த் தொழிலாளி, பிறப்பால் அடிமை.

அயல்நாட்டார் கதை நமக்கு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். மகாத்மா ஜோதிராவ் புலே 1873ஆம் ஆண்டில் தம் குலாம்கிரி நூலை வெளியிட்டபோது, அடிமைத்தளையை அறுக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே அதனைக் காணிக்கையாக்கினார். நூறாண்டுகளுக்கு முன்னரே நம் முன்னோடிகள் அம்மக்களின் துயரில் தம் துயரைக் கண்டனர். அவ்வழியே நாமும் சற்று நடந்து பார்ப்போம்.

மீச்சம் 1789ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்துக் கூச்லாந்து வட்டாரத்தில் பிறந்தார். மீச்சம் என்பது அவரை உடைமையாகக் கொண்டிருந்தவரின் குடும்பப் பெயர். தாம் பெற்ற பிள்ளைக்குத் தம் பெயரைத் தரும் உரிமைகூட அடிமைத் தந்தைக்கு இல்லாத காலம் அது. அத்தந்தையும் எளியவர் அல்லர். அடிமையாய் இருந்துகொண்டே பாப்டிஸ்ட் மறையுரை நிகழ்த்தியவர். ஆயினும் அவர் வேறொருவர் உடைமை. மீச்சத்தின் உடையவர் குடிபெயர்ந்து வட கரோலினாவுக்கும் பின்னர்க் கென்டக்கிக்கும் சென்றபோது, மகனும் உடன் கொண்டுசெல்லப்பட்டார். தந்தை வர்ஜீனியாவிலேயே தங்கினார்.

கென்டக்கியில் வெடியுப்பு எடுக்கும் குகைகள் உண்டு. குகை மண்ணைத் தோண்டி, நீரில் ஊறவைத்து வடித்து, அந்நீரைக் காய்ச்சி எடுப்பதே வெடியுப்பு. வெடிமருந்துக்கு அது இன்றியமையாதது. உடையவரின் இசைவு பெற்று மீச்சம் இத்தொழிலில் இறங்கிக் கூலி சேர்த்தார். தச்சு வேலையும் கற்றார். 21 வயது நிரம்பிய அளவில், தாம் ஈட்டிய பணத்தை உடையவரிடம் கொடுத்துத் தம்மைத் தாமே விலைக்கு வாங்கிக்கொண்டார். தம் கையையும் காலையும் தாமே காசு கொடுத்து வாங்க நேர்ந்த கொடுமையை எண்ணிப் பார்மின்!

உரிமை பெற்றவர் முதலில் நாடியது தம் தந்தையை. வர்ஜீனியா சென்று, தந்தையின் விலையாக 100 பவுன் கொடுத்து அவரை மீட்டார். மகன் தந்தைக்கு ஆற்றும் உதவியைப் பற்றி நம் முன்னோர் பலவாறு பேசியுள்ளனர். தந்தையை விலைக்கு வாங்கும் உதவியை அவர்கள் நினைத்தும் பார்த்திரார். 1811ஆம் ஆண்டில் அவ்வூரிலேயே மீச்சம் திருமுழுக்குப் பெற்றுப் பாப்டிஸ்ட் நெறியில் சேர்ந்தார்.

பின்னர்க் கென்டக்கியில் மேரி என்னும் அடிமைப் பெண்ணை மணந்தார். மேரியின் உடையவர் மிசௌரி நாட்டுக்குக் குடிபெயர, மேரியும் அவருடன் செல்ல வேண்டியவரானார். மீச்சம் தாமும் பின்தொடர்ந்தார். 1815இல் செயிண்ட் லூயிஸ் வந்து சேர்ந்தபோது அவர் கையில் இருந்தவை 3 டாலர்களே.

அந்நகர் அன்று அமெரிக்கக் குடியேற்றத்தின் மேற்கு எல்லை. விலங்குத்தோல் வணிகரும், படகோட்டிகளும், நிலம் தேடி வந்தோரும் கூடும் ஊர். மிசௌரி 1821இல் அடிமை முறையுள்ள மாநிலமாகவே ஒன்றியத்தில் சேர்க்கப்பட்டது. ஆற்றுக்கு அக்கரையில் இல்லினாய் மாநிலம்; ஆங்கு அடிமை முறைக்குச் சட்டம் இடம் தரவில்லை. இக்கரையில் நிற்கும் அடிமையின் கண்ணுக்கு அக்கரை மரங்கள் நன்கு தெரியும். நடுவே ஓடியது ஆறு ஒன்றே. இதனை நினைவிற் கொண்டால்தான் பின்வரும் செய்திகள் விளங்கும்.

1817இல் முதல் நீராவிப் படகு செயிண்ட் லூயிஸ் துறையை அடைந்தது. மாவும் இறைச்சியும் உப்பும் பீப்பாய்களில் அடைக்கப்பட்டே அக்காலத்தில் படகேறின. ஆகவே பீப்பாய் செய்வோர்க்கு வேலைக்குக் குறைவில்லை. மீச்சம் உழைத்துப் பொருள் சேர்த்தார். சில ஆண்டுகளில் மனைவியையும் மக்களையும் விலை கொடுத்து மீட்டார். பின்னர்ச் சொந்தப் பீப்பாய்த் தொழிற்கூடமே அமைத்தார்.

1817ஆம் ஆண்டின் இறுதியில் ஜான் மேசன் பெக் என்னும் வெள்ளைப் பாப்டிஸ்ட் சமயத் தொண்டர் அந்நகர்க்கு வந்தார். அவரும் அவர் தோழர் ஜேம்ஸ் வெல்ச்சும் கறுப்பின மக்கட்கு ஞாயிறு பள்ளி ஒன்று தொடங்கினர். மீச்சம் அதில் துணைநின்றார். வேதம் வாசிக்க வேண்டுமாயின் எழுத்து வேண்டும். ஆகவே ஞாயிறு பள்ளி எழுத்தறிவுப் பள்ளியும் ஆயிற்று. நாளடைவில் கறுப்பினத்தார் தனிச் சபையாயினர். 1825இல் மீச்சம் போதகராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மிசிசிப்பிக்கு மேற்கே கறுப்பினத்தார் அமைத்த முதல் பாப்டிஸ்ட் சபை அதுவே. உறுப்பினருள் மிகப் பெரும்பாலோர் அடிமைகள்.

சபைக் கட்டடத்தின் நிலவறையில் பள்ளி நடைபெற்றது. கொழுப்புத் திரியின் மங்கிய ஒளியில் பயின்றமையால் கொழுப்புத்திரிப் பள்ளி என்றே அதனை மக்கள் அழைத்தனர். இயன்றவர் மாதம் 1 டாலர் கொடுத்தனர். இயலாதவர் கொடாமலே படித்தனர். நம் பெரியவர்களுள் சிலர் அரிக்கேன் விளக்கொளியில் இரவுப் பள்ளி நடத்திய நாட்களை நினைவுகூர்வர். அவர்கட்கு அந்நிலவறையின் புகைமணம் புதிதாய் இராது.

இனி, மீச்சம் வாழ்வில் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் ஒருங்கே பெற்ற செய்தி ஒன்றைக் கூற வேண்டும். தம் தொழிற்கூடத்து வருவாயைக் கொண்டு அவர் ஏறத்தாழ 20 அடிமைகளை விலைக்கு வாங்கினார். அவர்கள் அவரிடம் தொழில் கற்று, உழைத்து, தம் விலையைத் திருப்பிக் கொடுத்தபின் உரிமை பெற்றுச் சென்றனர். கைத்தொழில் தெரிந்து வெளியேறியவன் பட்டினி கிடக்க மாட்டான் என்பது அவர் கணிப்பு. ஆயினும் கடன் தீரும் வரை சட்டப்படி அவர்களின் உடையவர் மீச்சமே அன்றோ? அவரிடம் இருந்தோருள் ஜூடி என்னும் பெண்மணி, தாம் முன்னமே உரிமை மண்ணில் வைத்திருக்கப்பட்டவர் ஆதலால் அடிமையே அல்லர் என்று வழக்காடினார். வழக்கு மிசௌரி உயர்நிலை மன்றம் வரை சென்றது. 1836இல் ஜூடிக்கே வெற்றி கிட்டியது. மீச்சம் தோற்றார். வேறு சிலரும் அவர்மீது இத்தகைய வழக்குகள் தொடுத்தனர்.

இதனை மறைத்து எழுதினால் மலருக்கு அழகு கூடலாம், உண்மை குறையும். மீச்சத்தின் நோக்கம் நன்று என்றே நாம் கருதுகின்றோம். ஆனால் தம் விடுதலைக்கு எவர்க்கும் ஒரு காசும் கொடுக்க வேண்டுவதில்லை என்று மன்றேறி நின்ற ஜூடியின் வழக்கே நேரிய வழக்கு. செயிண்ட் லூயிஸ் நீதிமன்றத்தில் இவ்வாறு உரிமை கோரித் தொடுக்கப்பட்ட வழக்குகள் 300க்கு மேற்பட்டவை. உலகறிந்த டிரெட் ஸ்காட் வழக்கும் 1846இல் அந்நகரிலேயே பிறந்தது.

அதே 1846இல் மீச்சம் தம் இனத்தாரை நோக்கி ஓர் அறிக்கை நூலை அச்சிட்டார். இன ஒற்றுமையும், ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலும் கற்பிக்கும் பள்ளிகளும் வேண்டும் என்பதே அதன் சாரம்.

மறு ஆண்டில் இடி விழுந்தது. 1847 பிப்ரவரி 16ஆம் நாள் மிசௌரி அரசு ஒரு சட்டம் இயற்றியது. கறுப்பினத்தார்க்கு எழுதவோ படிக்கவோ கற்பிக்கும் பள்ளியை எவரும் நடத்தலாகாது. மீறுவோர்க்கு 500 டாலர் வரை தண்டம், அன்றி ஆறு மாதம் வரை சிறை. கறுப்பினப் போதகர் வழிபாடு நடத்தினால் காவல் அதிகாரியோ நீதிபதியோ உடனிருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. எழுத்தறிந்த அடிமை பயணச் சீட்டைத் தானே எழுதிக்கொண்டு அக்கரை சேர்ந்துவிடுவான். செய்தித்தாளைப் படித்துத் தன் நிலையை உணர்வான். ஆட்சியாளர் அஞ்சியது இதற்கே. எழுத்தின் ஆற்றலை நம்மினும் நன்கறிந்தவர்கள் அதனை நமக்கு மறுத்தவர்களே போலும்!

நிலவறைப் பள்ளி மூடப்பட்டது. மீச்சம் என் செய்தார்? அவர்க்கு நீராவிப் படகுத் தொழிலும் தெரியும். மிசௌரிச் சட்டம் மிசௌரி மண்ணுக்கே உரியது. மிசிசிப்பி ஆற்றின் நீர்ப்பரப்போ நடுவண் அரசின் ஆட்சிக்கு உட்பட்டது. ஆகவே படகு ஒன்றில் இருக்கைகளும் நூல்களும் அமைத்து, அதனை ஆற்றின் நடுவே நங்கூரமிட்டு நிறுத்தினார் என்றும், சிறார் கரையிலிருந்து தோணிகளில் சென்று பயின்று மீண்டனர் என்றும் அவ்வூர்க் கறுப்பின மக்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். உரிமை மிதக்கும் பள்ளி என்பது அதற்கு வழங்கும் பெயர். அவரிடம் பயின்றோருள் ஜேம்ஸ் மில்டன் டர்னர் என்னும் சிறுவனும் ஒருவன் என்பர். அடிமைத் தாய்க்குப் பிறந்த அவர் 1871இல் லைபீரியா நாட்டுக்கு அமெரிக்கத் தூதராக அனுப்பப்பட்டார்.

1854 பிப்ரவரி 19ஆம் நாள் மீச்சம் தம் சபையில் மறையுரை மேடையில் நின்றவாறே உயிர்நீத்தார்.

இத்துடன் முடித்துக்கொள்வோர் பலர். நாம் மேரி அம்மையாரைப் பற்றியும் கூறியாக வேண்டும். கணவர் மறைந்து ஓராண்டும் சில திங்களும் கழிந்தன. 1855 மே மாதம் 21ஆம் நாள் விடியுமுன், அடிமைகள் ஒன்பதின்மர் நகரின் வடபால் தோணியேறி ஆற்றைக் கடந்தனர். அதற்குத் துணைபுரிந்தோருள் அம்மையாரும் ஒருவர். அக்கரையில் உடையவரின் ஆட்களும் காவலரும் காத்திருந்தனர். சிலர் தப்பினர், சிலர் பிடிபட்டனர். பிடிபட்டோருள் எஸ்தர் என்பவளும் அவள் மக்கள் இருவரும் அடங்குவர். எஸ்தரின் உடையவர் ஹென்றி ஷா, பின்னாளில் மிசௌரித் தாவரப் பூங்காவை நிறுவிப் புகழ்பெற்ற செல்வர். அவர் எஸ்தரை மக்களிடமிருந்து பிரித்துத் தெற்கே விற்றுவிட்டார்.

மேரி அம்மையார் அடிமைகளைக் கவர்ந்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு மன்றில் நிறுத்தப்பட்டார், இறுதியில் விடுபட்டார். கணவர் விலை கொடுத்து விடுதலை வாங்கினார். மனைவியோ விலை கொடாமலே அதனைக் கொண்டுசெல்லத் துணிந்தார். இருவருள் எவர் வழி சிறந்தது என்று நம் இளைஞர்கள் மன்றக் கூட்டத்தில் வாதிட்டால் மகிழ்வோம்.

உள்நாட்டுப் போர்க் காலத்தில் கறுப்பினப் படைவீரர்க்கு உதவும் மகளிர் சங்கத்துக்கு அம்மையார் தலைமை தாங்கினார். மிசௌரியில் 1865 ஜனவரி 11ஆம் நாள் அடிமை முறை ஒழிந்தது. அவ்வாண்டின் புதிய அரசமைப்பு கறுப்பினச் சிறார்க்கும் பள்ளி வாயிலைத் திறந்தது. 1866இல், அம்மாநிலத்துக் கறுப்பினப் படைவீரர்கள் தம் சம்பளத்திலிருந்து திரட்டிய பணத்தைக் கொண்டு ஜெபர்சன் நகரில் லிங்கன் கல்விக் கழகம் தொடங்கப்பட்டது. அவ்வீரருட் பலர் பாசறையில்தான் முதன்முதலாக எழுத்துக் கற்றவர்கள். மேரி அம்மையார் இவற்றையெல்லாம் கண்டபின் 1869இல் காலமானார். அவர் தோணியேற்றிய துறை இருந்த ஆற்றங்கரைக்கு 2001ஆம் ஆண்டில் அவர் பெயரையே இட்டனர்.