நெசவாளி மகன் போட்ட காற்றுக் கணக்கு

சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து போர் விமானம் வானில் பாய்கிறது. விமானியின் முகத்தில் முகமூடி. அதன் வழியே பிராணவாயு வருகிறது. அது ஏன் தேவை? விடை சொன்னவர் ஓர் ஏழை நெசவாளியின் மகன். பெயர் ஜான் டால்டன்.

இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில் 1766-ல் பிறந்தார். 12 வயதிலேயே கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

கோவையைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்கிறோம் அல்லவா? அந்த அசல் மான்செஸ்டரில் 1793-ல் குடியேறினார். கணக்குச் சொல்லிக் கொடுத்தே பிழைத்தார்.

1787 முதல் மழை, வெப்பம், காற்றழுத்தம் ஆகியவற்றை நாள்தோறும் குறித்து வந்தார். காற்றின் ரகசியம் அவரைப் பிடித்துக்கொண்டது.

காற்று பல வாயுக்களின் கலவை. ஒவ்வொரு வாயுவும் தான் மட்டுமே இருப்பதுபோல் அழுத்துகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் மொத்த அழுத்தம். 1801-ல் டால்டன் சொன்ன விதி இதுதான்.

கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கும். காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. ஆகவே அதன் அழுத்தம் சுமார் 160.

18,000 அடி உயரத்திலும் அதே 21 பங்குதான். ஆனால் மொத்த அழுத்தம் பாதி. பிராணவாயுவின் அழுத்தமும் 80 ஆகிவிடுகிறது. அதை ரத்தத்தில் சேர்ப்பது அந்த அழுத்தமே. அது மிகவும் குறைந்தால் நினைவு தப்பும், உயிருக்கே ஆபத்து. முகமூடி பிராணவாயுவின் பங்கைக் கூட்டி உயிரைக் காக்கிறது.

1844 ஜூலை 27-ல் டால்டன் காலமானார். முதல் நாள் இரவும் நடுங்கும் கையால் வானிலைக் குறிப்பை எழுதிவிட்டே படுத்தார். சுமார் 40,000 பேர் இறுதி மரியாதை செலுத்தினர்.